யார் பிடித்த ஸ்டாப்வாட்ச்? உடற்பயிற்சி அறிவியலில் முதல் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

என் முதல் ஆய்வு ஒரே ஒரு கேள்வியில் படுத்துவிட்டது. ஆறு வாரம் குதிப்புப் பயிற்சி கொடுத்தால் 30 மீட்டர் ஓட்ட நேரம் குறைகிறதா என்று பார்த்தோம், குறைந்தது, சராசரியாக 0.2 நொடி. கிராஃப் எல்லாம் கலர் கலராகப் போட்டுக்கொண்டு வைவாவுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தால், எதிரே இருந்தவர் ஆய்வேட்டைத் திறக்கக்கூட இல்லை. "முதல் நாள் ஸ்டாப்வாட்ச் யார் பிடித்தது, கடைசி நாள் யார் பிடித்தது?" என்றார். முதல் நாள் நான். கடைசி நாள் எனக்குக் காய்ச்சல், அதனால் நண்பன். அவ்வளவுதான், முடிந்தது.

விஷயம் இதுதான். கையால் எடுக்கும் நேரம், மின்னணுக் கருவி காட்டும் நேரத்தைவிடக் குறைவாகவே வரும். தொடக்கச் சத்தம் கேட்ட பிறகுதான் விரல் அமுக்குகிறது, அங்கே கொஞ்சம் தாமதம். முடிவுக் கோட்டிலோ ஓடி வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தத் தாமதம் கிட்டத்தட்ட இருக்காது. தடகளத்தில் 100 மீட்டர் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவதற்கு 0.24 நொடி கூட்டிக்கொள்வது பழைய வழக்கம். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும், என் விரல் வேறு, நண்பன் விரல் வேறு. ஆறு வாரம் 14 பேர் வியர்த்து உழைத்ததற்குக் கிடைத்த 0.2 நொடியில் எவ்வளவு பயிற்சி, எவ்வளவு விரல் என்று பிரிக்க வழியே இல்லாமல் போனது.

ஆகவே இந்த வழிகாட்டியில் புள்ளியியலைவிட அளப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"பிளையோமெட்ரிக் பயிற்சி (குதிப்புப் பயிற்சிதான்) விளையாட்டுத் திறனை வளர்க்குமா?" என்பது ஆய்வுக் கேள்வி இல்லை, பட்டிமன்றத் தலைப்பு. யாருக்கு, என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, எந்த அளவீட்டில் என்ற நான்கும் ஒரே வாக்கியத்துக்குள் வந்தால்தான் அது கேள்வி. "வாரம் மூன்று நாள் பயிற்சி செய்யும் 18 முதல் 23 வயதுக்குட்பட்டவர்களுக்கு, தொடைத் தசைகளை 30 நொடி நீட்டுவதற்கும் 90 நொடி நீட்டுவதற்கும் உடனே அடுத்து வரும் குதிப்பு உயரத்தில் வித்தியாசம் உண்டா?" இப்படிச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் யாரைக் கூப்பிட வேண்டும், எதை வாங்க வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இன்னொன்று. முதல் ஆய்வாக வாரக்கணக்கில் நடக்கும் பயிற்சி ஆய்வை எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். ஆறு வாரம் என்று திட்டமிட்டால் தேர்வு வரும், போட்டி வரும், ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கும், 20 பேரில் தொடங்கியது 11 பேரில் வந்து நிற்கும். ஒரே ஆளை இரண்டு அல்லது மூன்று நாள் வரவழைத்து வெவ்வேறு நிலைகளில் சோதிக்கும் குறுக்கு ஆய்வு (கிராஸ்ஓவர்) மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு என்பதால் குறைந்த ஆட்களே போதும்.

மேலே சொன்ன நீட்டல் கேள்விக்கு ஏற்கனவே ஓரளவு விடை உண்டு: ஒரு தசையை 60 நொடிக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்தால் உடனடி வலுவும் வேகத்திறனும் சற்றே குறைகிறது, குறைந்த நேரம் நீட்டினால் பாதிப்பு மிகச் சிறியது. விடை தெரிந்த கேள்வியை எதற்குத் திரும்பச் செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் எண் ஊரறிந்த எண்ணுக்குப் பக்கத்தில் வராவிட்டால் முதலில் உங்கள் கருவியைச் சந்தேகிக்கலாம், அந்த வசதி புதுக் கேள்வியில் கிடையாது.

படிக்க வேண்டியதைப் படிப்பது

ஆய்வுக் கட்டுரைகளைத் தேட பப்மெட், கூகுள் ஸ்காலர் இரண்டும் இலவசம். முதலில் அந்தத் தலைப்பில் வந்த மறுஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிடியுங்கள், அதன் மேற்கோள் பட்டியலிலிருந்து உங்கள் கேள்விக்கு நெருக்கமான நான்கைந்து கட்டுரைகளை எடுங்கள். சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள், செய்முறைப் பகுதிதான் உங்களுக்குச் சோறு போடும். எத்தனை பேர், என்ன வயது, எவ்வளவு பயிற்சி பெற்றவர்கள், எத்தனை முயற்சி, இடையில் எவ்வளவு ஓய்வு, சிறந்த முயற்சியை எடுத்தார்களா சராசரியை எடுத்தார்களா என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வையுங்கள். போடும்போதே ஒன்று கண்ணில் படும்: பல ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் இளம் ஆண்கள் மட்டுமே. அந்த முடிவை அப்படியே பெண்களுக்கும் நடுத்தர வயதினருக்கும் ஒட்டிவிட முடியாது. உங்களுக்கான இடைவெளி அங்கேயே இருக்கலாம்.

எதை வைத்து அளப்பது

ஆய்வகத்தில் விசைத் தட்டு (கால் தரையை அழுத்தும் விசையை அளப்பது), மூச்சு வாயு அளக்கும் கருவி எல்லாம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

குதிப்பு உயரத்துக்குக் கைபேசியின் ஸ்லோமோஷன் போதும். கால் தரையை விட்டது முதல் மீண்டும் தொட்டது வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணி நேரமாக்கி, அந்த நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, 9.81ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வந்துவிடும். அரை நொடி காற்றில் இருந்தால் சுமார் 30.7 செ.மீ. இங்கேதான் ஃபிரேம் வேகம் பேசுகிறது. நொடிக்கு 240 ஃபிரேம் எடுத்தால் ஒரு ஃபிரேம் தவறாக எண்ணினாலும் இந்த உயரத்தில் அரை சென்டிமீட்டர்தான் போகும், சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் அதே ஒரு ஃபிரேம் தவறு 4 செ.மீ. ஆகிவிடும். நீங்கள் தேடும் மாற்றமே 2 செ.மீ.தான் என்றால் 30 ஃபிரேமில் எடுத்த வீடியோவை அழித்துவிடலாம்.

எண்ணி உட்கார்ந்தால் தெரியும், அது அவ்வளவு சுலபமும் இல்லை. ஷூவின் நுனி தரையில் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும், நிழல் வேறு குழப்பும். "ஷூவுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற முதல் ஃபிரேம்" என்பது மாதிரி ஒரு விதியை முன்பே எழுதி வைத்துக்கொண்டு எல்லா வீடியோவுக்கும் அதையே பின்பற்றுங்கள். கைபேசியை ஸ்டாண்டில், தரையோடு ஒட்டி வைக்க வேண்டும், கையில் பிடித்து எடுக்கக் கூடாது. குதிப்பவர் இரண்டு கையையும் இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டும், இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கக் கூடாது. மடக்கினால் பாதம் தரையைத் தொடுவது தள்ளிப்போகும், உயரம் பொய்யாகக் கூடும். பயிற்சி பெற்றவர்கள் இந்தத் தந்திரத்தைத் தெரியாமலேயே செய்வார்கள்.

தாங்குதிறனுக்கு 12 நிமிட ஓட்டம் இருக்கிறது, 1968இல் கென்னத் கூப்பர் வெளியிட்டது. ஓடிய தூரத்தை மீட்டரில் எடுத்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு தோராயமாகக் கிடைக்கும், 2400 மீட்டர் ஓடினால் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 42 மில்லி லிட்டர் சொச்சம். இன்னொன்று பீப் டெஸ்ட். பீப் சத்தத்துக்கு ஏற்ப 20 மீட்டருக்குள் போய்ப் போய்த் திரும்ப வேண்டும், வேகம் மணிக்கு 8.5 கி.மீ.யில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கி.மீ. ஏறும். இரண்டிலும் கிடைப்பது மதிப்பீடுதான், அளவீடு இல்லை. "ஆக்சிஜன் பயன்பாட்டை அளந்தோம்" என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள், "ஓடிய தூரத்தை அளந்தோம்" என்று எழுதினால் யாரும் வம்புக்கு வர மாட்டார்கள்.

இதயத் துடிப்புக்கு மணிக்கட்டுக் கடிகாரத்தைவிட நெஞ்சில் கட்டும் பட்டை நம்பகமானது, வேகமாகக் கை ஆட்டும் பயிற்சிகளில் குறிப்பாக. உச்சத் துடிப்பை 220 கழித்தல் வயது என்று போடும் சூத்திரத்தில் கவனம் தேவை. 2001இல் தனகாவும் சக ஆய்வாளர்களும் தந்த 208 கழித்தல் 0.7 பெருக்கல் வயது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: 20 வயதுக்காரருக்கு முதல் சூத்திரம் 200 என்கிறது, இரண்டாவது 194. எந்தச் சூத்திரமானாலும் தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு இப்படி அப்படி இருப்பது சகஜம்.

கருவியே வேண்டாத அளவீடும் ஒன்று உண்டு, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்பது. குன்னர் போர்க் உருவாக்கிய 6 முதல் 20 வரையான அளவுகோல், பிறகு வந்த 0 முதல் 10 வரையானது, இரண்டும் புழக்கத்தில் உள்ளன. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து 0-10 அளவுகோலில் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய பயிற்சிச் சுமை. 60 நிமிடம், மதிப்பு 7 என்றால் 420. கேட்பது சுலபம் என்பதற்காக எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். கோச் பக்கத்தில் நின்றால் "ஒன்றும் கஷ்டமில்லை சார்" என்றுதான் பதில் வரும்.

பிழையை முதலில் அளங்கள்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உண்மையான ஆய்வு தொடங்கும் முன் பத்துப் பேரைப் பிடியுங்கள், நண்பர்களாக இருந்தாலும் சரி. எதுவும் செய்யாமல், அதே நேரம், அதே இடம், அதே ஆள் அளக்க, இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை சோதியுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டாம் நாள் மதிப்பிலிருந்து முதல் நாள் மதிப்பைக் கழியுங்கள், அந்த வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தை, அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவைக் கண்டு 1.41ஆல் வகுங்கள். கிடைப்பதுதான் உங்கள் அளவீட்டின் வழக்கமான பிழை. கருவி, அளக்கும் ஆள், குதிப்பவரின் அன்றைய மனநிலை எல்லாம் கலந்த பிழை அது.

உதாரணத்துக்கு வித்தியாசங்களின் திட்டவிலக்கம் 2.8 செ.மீ. என்று வையுங்கள். பிழை 2 செ.மீ. ஒரு தனி ஆளிடம் உண்மையிலேயே மாற்றம் வந்தது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல அதைப்போல் 2.77 மடங்கு, அதாவது சுமார் 5.5 செ.மீ. மாற வேண்டும். "இவருக்கு 3 செ.மீ. கூடியது, பயிற்சி வேலை செய்தது" என்ற வாக்கியம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. குழுச் சராசரியில் இந்தப் பிழை ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்ளும் என்பதால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் இந்த எண் கையில் இல்லாமல் வைவாவுக்குப் போகாதீர்கள், நான் போய்ப் பார்த்தவன்.

இரண்டாம் நாள் எல்லாருமே கொஞ்சம் கூடுதலாகக் குதித்திருந்தால் அது பழக்கத்தால் வந்தது. அப்படியானால் உண்மையான ஆய்வுக்கு முன் ஒரு பழகும் நாள் கட்டாயம் வைக்க வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு: முதல் சோதனையில் மோசமாகச் செய்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்தால், பயிற்சியே கொடுக்காவிட்டாலும் அடுத்த முறை அவர்கள் சராசரியை நோக்கி ஏறுவார்கள். அன்று அவர்களுக்குக் கெட்ட நாள், அவ்வளவே. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த விஷயம், இன்றும் வருஷா வருஷம் யாராவது இதில் விழுகிறார்கள்.

எத்தனை பேர், எந்த வரிசையில்

ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். ஒரே ஆட்களை இருமுறை அளக்கும் ஆய்வில், நடுத்தரமான விளைவைப் பிடிக்க, அதாவது விளைவளவு 0.5 (சராசரி வித்தியாசம் திட்டவிலக்கத்தில் பாதி), திறன் 80 சதவீதம் (விளைவு உண்மையிலேயே இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு), வரம்பு 0.05 (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) என்று வைத்தால் 34 பேர் வேண்டும். தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தால் குழுவுக்கு 64 பேர். அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் அதை இப்போதே கைடிடம் சொல்லுங்கள். 12 பேரை வைத்து ஆய்வு செய்வது குற்றமில்லை, 12 பேரில் ஒன்றும் தெரியவில்லை என்பதை "விளைவே இல்லை" என்று எழுதுவதுதான் தப்பு.

குறுக்கு ஆய்வில் பாதிப் பேர் முதலில் 30 நொடி, மீதிப் பேர் முதலில் 90 நொடி என்று மாற்றிவிட வேண்டும், யார் எதை முதலில் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். "முதலில் வந்தவர்கள் இந்தப் பக்கம்" என்று பிரித்தால் சுறுசுறுப்பானவர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் காலையில் வந்தால் அடுத்த முறையும் காலையிலேயே வரட்டும், பலருக்கும் உடல் வெப்பம் கூடியிருக்கும் மாலையில்தான் திறன் நன்றாக இருக்கும். அதே ஷூ, அதே தரை, அதே வார்ம்-அப். முந்தைய நாள் கடினப் பயிற்சி வேண்டாம், அன்று காபி குடிப்பதா இல்லையா என்பதும் இரண்டு நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். உற்சாகப்படுத்துவதில்கூடக் கவனம் தேவை. ஒருவருக்கு "வா வா வா" என்று கத்திவிட்டு அடுத்தவருக்குச் சும்மா நின்றால் உச்ச முயற்சி மாறிவிடும். சொல்லப்போகும் வாக்கியத்தை எழுதி வைத்து எல்லாருக்கும் அதையே சொல்லுங்கள்.

ஃபிரேம் எண்ணுகிறவருக்கு எந்த வீடியோ எந்த நிலை, 30 நொடியா 90 நொடியா என்று தெரியக் கூடாது. வீடியோக்களுக்கு எண் போட்டு நண்பரிடம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. நாம் நேர்மையானவர்கள்தான், ஆனால் சந்தேகமான ஃபிரேம் வரும்போது கண் நமக்குப் பிடித்த பக்கம் சாயும்.

அனுமதியும் பாதுகாப்பும்

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், ஆள் சேர்ப்பது பிறகு. "முன்னோட்டம்தானே" என்று நினைக்காதீர்கள், மேலே சொன்ன பத்துப் பேரும் இதில் சேர்த்தி. 1964இன் ஹெல்சின்கி பிரகடனம்தான் இதற்கெல்லாம் அடிப்படை, குழுவின் படிவத்தில் பாதிக் கேள்விகள் அதிலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். ஒப்புதல் படிவத்தைப் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரி கட்டாயம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

ஒரு அணியின் வீரர்களைச் சேர்க்கிறீர்கள் என்றால் கோச் மூலமாகக் கேட்காதீர்கள். அணித்தேர்வு அவர் கையில் இருக்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்? அதேபோல், பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். "கோல்கீப்பர், வயது 21, உயரம் 191 செ.மீ." என்று அட்டவணையில் போட்டால் அந்த அணியைத் தெரிந்த எல்லாருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும்.

உடல்நலக் கேள்வித்தாள் முன்பே நிரப்பப்பட வேண்டும், நெஞ்சு வலி, மயக்கம், இதயப் பிரச்சினை என்று எதற்காவது ஆம் என்றால் மருத்துவர் சொல்லும் வரை சோதனை இல்லை. எப்போது நிறுத்துவது என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். உச்ச முயற்சிச் சோதனையைத் தனியாக நடத்தவே கூடாது, முதலுதவி தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். சப்ளிமென்ட், மாத்திரை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு முதல் முறையிலேயே வேண்டாம்.

சோதனை நாளும் தாளும்

ஒரு முயற்சிக்கு ஒரு வரி. பங்கேற்பாளர் குறியீடு, தேதி, நேரம், நிலை, எத்தனையாவது முயற்சி, மதிப்பு, அளந்தவர், குறிப்பு. சரியாக வராத முயற்சியையும் எழுதுங்கள், குறிப்பில் "கை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்" என்று போட்டுவிட்டு. அன்று மாலையே கணினியில் ஏற்றி, அந்த மூலக் கோப்பைப் பூட்டி, கணக்கெல்லாம் நகலில் செய்யுங்கள். எந்த முயற்சியை எடுப்போம், எதை விடுவோம் என்பதை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிக் கைடுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள், இன்னும் முறையாகச் செய்ய விரும்பினால் ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க்கில் இலவசமாகப் பதிவு செய்யலாம். பார்த்த பிறகு முடிவெடுத்தால் எல்லா முடிவும் நமக்குச் சாதகமாகவே அமையும், அதுதான் வேடிக்கை.

கணக்கு

மென்பொருளுக்குக் காசு வேண்டாம், ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம். எந்தச் சோதனையும் ஓட்டும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வரையுங்கள், இடப்பக்கம் 30 நொடி மதிப்பு, வலப்பக்கம் 90 நொடி மதிப்பு. பெரும்பாலான கோடுகள் ஒரே பக்கம் சாய்கின்றனவா, ஒரே ஒரு ஆள் மட்டும் சராசரியை இழுக்கிறாரா என்பது அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும். பட்டை வரைபடத்தில் இதெல்லாம் மறைந்து போகும். அப்புறம் இணை டி-சோதனை (ஒரே ஆட்களின் இரண்டு மதிப்புகளை ஒப்பிடுவது), அதோடு வித்தியாசத்தின் அளவும் அதன் நம்பக இடைவெளியும் (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை).

இரண்டு பொதுவான தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 20 விஷயங்களை அளந்து 20 சோதனை ஓட்டுவது. எதிலுமே உண்மையான விளைவு இல்லாவிட்டாலும், அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், ஒன்றிலாவது பி-மதிப்பு (விளைவே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. முதன்மை அளவீடு ஒன்றே ஒன்று என்று முதலிலேயே தீர்மானியுங்கள். மற்றொன்று, பயிற்சிக் குழுவில் முன்-பின் மாற்றத்தின் பி-மதிப்பு 0.03, பயிற்சி பெறாத கட்டுப்பாட்டுக் குழுவில் 0.08, ஆகவே பயிற்சிக் குழு மேல் என்று எழுதுவது. இது அச்சான கட்டுரைகளிலேயே இருக்கிறது. ஒன்று வரம்புக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் என்பதால் இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக ஆகாது. இரண்டு குழுக்களின் மாற்றத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் அந்தக் கேள்விக்கு விடை.

எழுதும்போது

செய்முறைப் பகுதியை முதலில், ஆய்வு நடக்கும்போதே எழுதுங்கள். எழுதியதை ஆய்வில் சம்பந்தப்படாத வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் சோதனையை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். எங்கே நிற்பது, கைபேசி எவ்வளவு தூரத்தில், முயற்சிகளுக்கு நடுவே எத்தனை நொடி என்று அவர் எங்கெல்லாம் தயங்குகிறாரோ அங்கெல்லாம் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

பங்கேற்றவர்களுக்கு அவரவர் எண்ணை அனுப்பி வையுங்கள், குழுச் சராசரியோடு. அனுப்பும்போது அந்த 5.5 செ.மீ. விஷயத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 90 நொடி நீட்டிய நாளில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தவர் அன்றிரவே உங்களுக்கு போன் செய்வார்.